தோள் கன்றினால் தோட்டாவைக் குறை சொல்லாதீர்கள்

ஷாட்கன் சுட்டால் தோள் வலிக்கத்தான் செய்யும், பழகப் பழகச் சரியாகிவிடும் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்கிற வழக்கம் எங்கள் கிளப்பில் மட்டுமில்லை, நான் போன எல்லா இடத்திலும் இருக்கிறது. இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். வலி பழகுவதில்லை. உடம்பு அடியை எதிர்பார்க்கத்தான் பழகுகிறது. விசையைத் தொடும் முன்பே கண் இறுகும், கன்னம் ஸ்டாக்கை, அதாவது துப்பாக்கியின் பின்பக்கத்து மரத்தை, விட்டு எழும்பும், தோள் தானாக முன்னால் போய் முட்டும். கிளே, அதாவது பறக்கவிட்டுச் சுடுகிற சின்ன வட்டத் தட்டு, தப்பிவிடும். தப்பிய பதற்றத்தில் அடுத்ததை இன்னும் இறுக்கமாகப் பிடித்துச் சுடுவார்கள், அதுவும் தப்பும். சில மாதத்தில் அந்த ஆளைக் கிளப்பில் பார்க்க முடியாது. எங்கேயாவது பார்த்துக் கேட்டால் "நமக்கு அது ஒத்துவரலைங்க" என்பார்.

நான் இங்கிலாந்தில் மிட்லண்ட்ஸ் பக்கம் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளே சுடுவேன், முடிகிறபோது புதியவர்களோடு கூட நின்று உதவுவேன். சமீப காலமாக நம் தமிழ்க் குடும்பங்களும் ஒன்றிரண்டு வர ஆரம்பித்திருக்கின்றன, சுட்டு முடித்த அன்று இரவே போனில் கேட்கிற முதல் கேள்வி "இப்படி வலிக்குதே, சின்னத் தோட்டா வாங்கணுமா, இல்ல தோளுக்குப் பேட் வாங்கணுமா" என்பதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். நாங்கள் சுடுகிற 12 போர் (குழலின் அளவு) தோட்டாவில் 28 கிராம் ஈயக் குண்டுகள், அதற்குப் பின்னால் இரண்டரை கிராம் சொச்சம் வேட் (குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே இருக்கிற அடைப்பு), ஒன்றேகால் கிராம் அளவில் வெடிமருந்து. குண்டுகள் குழலை விட்டுப் போகும்போது விநாடிக்கு 400 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கி 3.6 கிலோ என்றால், அது விநாடிக்கு ஏறத்தாழ 3.6 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும் (உதை என்பது இதுதான்), ஆற்றலாகச் சொன்னால் சுமார் 23 ஜூல். அதே தோட்டாவை 3 கிலோவில் இருக்கும் இலேசான வேட்டைத் துப்பாக்கியில் போட்டால் 28 ஜூலுக்கு ஏறிவிடும். 24 கிராம் தோட்டாவை 3.6 கிலோ துப்பாக்கியில் சுட்டால் 18 ஜூலுக்கு இறங்கும். அந்தக் காலத்து இங்கிலாந்தில் துப்பாக்கி செய்கிறவர்கள், தோட்டாவிலுள்ள குண்டுகளின் மொத்த எடையைப் போல 96 மடங்காவது துப்பாக்கி இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள், அதுவும் இந்த விஷயத்தைத்தான் பேசுகிறது.

இந்தக் கணக்கில் சுடுகிறவருடைய தோள் எங்குமே வரவில்லை, கவனித்தீர்களா? 23 ஜூல் என்பது துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் இடையில் முடிந்துபோன கணக்கு. ஒரே துப்பாக்கி, ஒரே பெட்டித் தோட்டா, ஒரே எடையுள்ள இரண்டு பேர் சுடுகிறார்கள். ஒருவர் நூறு கிளே முடித்துவிட்டு டீ குடிக்கப் போகிறார், இன்னொருவருக்கு இருபத்தைந்திலேயே கை தூக்க முடியவில்லை. அந்த ஆற்றல் உடம்புக்குள் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது, எவ்வளவு பரப்பில் இறங்குகிறது, எந்தத் திசையில் இறங்குகிறது என்பதில்தான் வித்தியாசம் முழுக்க இருக்கிறது. கிரிக்கெட் பந்தைக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடிப்பதற்கும் விறைப்பாக நீட்டிக்கொண்டு பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான், பந்தின் வேகம் இரண்டிலும் ஒன்றுதான்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. குண்டு குழலுக்குள் ஓடுகிற நேரம் சில மில்லிவிநாடிகள்தான். அந்த நேரத்துக்குள் துப்பாக்கி பின்னால் நகர்வது, 30 அங்குலக் குழலுக்குக் கணக்குப் போட்டால், 6 மில்லிமீட்டர் அளவுக்குத்தான். அதாவது துப்பாக்கி தன் முழு வேகத்தை எடுத்துவிடுகிற தூரம் ஒரு விரல் தடிமன்கூட இல்லை. ஸ்டாக்குக்கும் தோளுக்கும் நடுவே அந்த அளவுக்கு இடைவெளி இருந்தாலே, மூன்றரைக் கிலோ மரமும் இரும்பும் முழு வேகத்தில் வந்து எலும்பில் மோதும். இடைவெளி இல்லாமல் சதையோடு சதையாக உட்கார்ந்திருந்தால், துப்பாக்கி வேகம் எடுக்கத் தொடங்குகிற அந்தக் கணமே உடம்பும் அதோடு சேர்ந்து நகரத் தொடங்கும். முதலாவது அடி, இரண்டாவது தள்ளு. உதையைத் தாங்கப் பயந்து துப்பாக்கியைத் தோளில் பட்டும் படாமலும் வைப்பவர்களுக்குத்தான் இங்கே அதிகமாக வலிக்கிறது. பாவம், பயத்தில் செய்கிற காரியமே அவர்களை அடிக்கிறது.

சரி, பொருத்தம் என்றால் என்ன என்று பார்ப்போம். துப்பாக்கியை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் குழலைப் பார்த்து, வேலைப்பாட்டைப் பார்த்து வாங்குகிறார்கள். உடம்பில் படுவது பின்பக்கத்து மரம். விசையிலிருந்து ஸ்டாக்கின் பின்முனை வரைக்கும் உள்ள நீளம் முதல் அளவு. கடையில் வருகிற ஸ்போர்ட்டிங் துப்பாக்கிகளில் இது பொதுவாக 14½ அல்லது 14¾ அங்குலம் இருக்கும். ஐந்தடி பத்து அங்குல வெள்ளைக்காரருக்கு அது சரி. நான் ஐந்தடி ஐந்து அங்குலம். என்னுடைய துப்பாக்கியில் ஸ்டாக்கை அறுத்துக் குறைத்து, பின்முனையில் ரப்பர் பேட் வைத்து 14 அங்குலத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது என் துப்பாக்கி ஆனது.

நீளம் கூடிப்போனால் என்ன ஆகும் என்றால், தோளுக்குக் கொண்டுவரும்போது பின்முனை அக்குளில் சட்டையைப் பிடிக்கும். அதைத் தவிர்க்க ஆள் துப்பாக்கியை வெளிப்பக்கமாக வளைத்துக் கொண்டுவருவார், கடைசியில் அது தோள் குழியில் உட்காராமல் புஜத்தில், கை தொடங்குகிற இடத்தில் போய் நிற்கும். அங்கே சதை குறைவு, மூட்டு பக்கத்திலேயே இருக்கிறது. மறுநாள் புஜத்தில் நீலம் பாரித்திருந்தால் பாதிக்குப் பாதி காரணம் இதுதான். நீளம் குறைந்துபோனால் வேறு மாதிரி: வலது கைப் பெருவிரல் மூக்கில் வந்து இடிக்கும். துப்பாக்கியை ஏற்றி நிறுத்தியபின் மூக்குக்கும் பெருவிரல் அடிக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடம் இருந்தால் நீளம் ஏறத்தாழ சரி. முழங்கை மடிப்பில் ஸ்டாக்கை வைத்து விரல் விசையை எட்டுகிறதா என்று பார்க்கிற பழைய முறையைக் கடைக்காரர்கள் இன்னும் செய்து காட்டுகிறார்கள், அதை நம்பாதீர்கள். கழுத்து நீளம், மார்பின் அகலம், நிற்கிற விதம் எதையும் அது கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. குளிர்காலத்துத் தடித்த கோட்டும் நீளத்தைக் கூட்டிவிடும் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஜூலையில் சரியாக இருந்த துப்பாக்கி ஜனவரியில் புஜத்தில் போய் உட்காருவதற்கு அதுதான் காரணம்.

அடுத்தது கன்னம் படுகிற மேல்விளிம்பு, இங்கே கோம் என்பார்கள். என்னைக் கேட்டால் தோளைவிட இதுதான் முக்கியம். தோள் வலி இரண்டு நாளில் போய்விடும், கன்ன எலும்பில் வாங்குகிற அடிதான் கண்ணை மூட வைக்கிறது, அதுதான் ஆளைக் கெடுக்கிறது. மேல்விளிம்பு தாழ்ந்திருந்தால் கன்னத்தை அழுத்தி வைத்தபின் கண்ணுக்குத் துப்பாக்கியின் பின்பக்கம்தான் தெரியும், குழலின் மேலுள்ள பட்டை தெரியாது. உடனே ஆள் தலையைக் கொஞ்சம் தூக்குவார். தூக்கியதும் கன்னத்துக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி, மேலே தோளுக்குச் சொன்ன அதே கதை இப்போது முகத்தில் நடக்கும். உயரமாக இருந்தாலும் வலிதான், மரம் எலும்பில் ஏறி அழுத்திக்கொண்டே இருக்கும்.

இதில் சரிவு என்று ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பெரும்பாலான ஸ்டாக்குகளில் மேல்விளிம்பு முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்திருக்கும். குழல் பட்டையின் மட்டத்திலிருந்து முன்னால் 35 மில்லிமீட்டர் இறக்கம், பின்முனையில் 55 மில்லிமீட்டர் இறக்கம் என்பது சாதாரணமாகக் காணக் கிடைக்கிற அளவு. சுடும்போது துப்பாக்கி பின்னால் வருகிறது, முகம் அங்கேயே இருக்கிறது. அப்படியென்றால் கன்னத்துக்கு முன்னால் இருந்த உயரமான மரம் கன்னத்துக்கு அடியில் வந்து சேரும். துப்பாக்கி 2 சென்டிமீட்டர் பின்னால் வந்தால் மரம் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் மேலே ஏறியிருக்கும். சின்ன அளவுதான், ஆனால் இமைக்கிற நேரத்தில் நடக்கிறது, கூடவே குழல்முனை மேலே எழும்புவதால் மரமும் சேர்ந்து எழும்புகிறது. மொத்தத்தில் கன்ன எலும்பில் கீழிருந்து ஒரு குத்து. ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு குத்து. இதற்காகத்தான் ட்ராப் (முன்னால் விலகிப் பறக்கிற கிளேயைச் சுடுகிற போட்டி) துப்பாக்கிகளில் மேல்விளிம்பைச் சரிவே இல்லாமல் பட்டைக்கு இணையாக வைக்கிறார்கள், அல்லது மாண்டி கார்லோ என்று சொல்கிற மாதிரி கன்னப் பகுதியை மட்டும் தூக்கி, பின்முனையைத் தோளுக்காகத் தாழ்த்துகிறார்கள். நீண்ட கழுத்து உள்ளவர்களுக்கு இந்த அமைப்பு ஒரு வரம். அந்த மாதிரி வாங்க வசதியில்லையென்றால், ஏற்றி இறக்குகிற கோம் ஒன்றை இருக்கிற ஸ்டாக்கிலேயே பொருத்தித் தருவார்கள். தோளுக்குப் பேட் வாங்குகிற காசை இதில் போடலாம்.

குழல்முனை எழும்புவதைச் சொன்னேன். குழலின் அச்சு தோளில் ஸ்டாக் படுகிற இடத்துக்கு மேலே இருப்பதால்தான் துப்பாக்கி நேராகப் பின்னால் வராமல் மேல்நோக்கிச் சுழல்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாகக் குழல் உள்ள துப்பாக்கியில் கீழ்க்குழலை முதலில் சுடச் சொல்வது இதனால்தான், அது தோளுக்கு நேராகப் பக்கத்தில் இருக்கிறது, சுழற்சி குறையும், இரண்டாவது கிளேவுக்குச் சீக்கிரம் திரும்பலாம்.

இப்போது யாரும் பேசாத ஒரு அளவுக்கு வருகிறேன். பின்முனை எந்தச் சாய்வில் வெட்டப்பட்டிருக்கிறது என்பது, பிட்ச் என்பார்கள். முழுப் பேட்டும் ஒரே நேரத்தில் உடம்பைத் தொட வேண்டும். பேட்டின் பரப்பு ஐம்பது சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது முழுக்கத் தொடும்போது ஒரு அழுத்தம், கீழ்மூலை மட்டும் ஐந்து சதுர சென்டிமீட்டரில் குத்திக்கொண்டிருக்கும்போது பத்து மடங்கு அழுத்தம். உதை ஒன்றுதான். கடைத் துப்பாக்கிகளின் சாய்வு தட்டையான மார்புள்ள ஆண்களை மனதில் வைத்து வெட்டியது. பெண்களுக்குக் கீழ்மூலை மார்பில் குத்தும், மேல்பாதி காற்றில் நிற்கும். "பெண்களுக்கு உதை தாங்காது" என்று இங்கே சாவதானமாகச் சொல்கிறவர்கள் ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று அந்த இடைவெளியைப் பார்த்திருக்க வேண்டும்.

போன இலையுதிர் காலத்தில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று வந்திருந்தது. கணவர் சுட்டுவிட்டு உற்சாகமாக இருந்தார். அவருடைய மனைவி ஒரு வரிசையைக்கூட முடிக்காமல் துப்பாக்கியைத் திறந்து ரேக்கில் வைத்துவிட்டு, "அண்ணா, இது எனக்குச் சரிவராது. இஞ்ச நெருப்பா எரியுது" என்று அக்குளுக்கு மேலே கையை வைத்துக் காட்டினார். கணவர் முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொன்னார். நான் அவரிடம் "ஜாக்கெட்டைக் கழட்டாதீங்கோ தங்கச்சி, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, ஸ்கோர் பலகையில் எழுதுகிற சாக்பீஸை எடுத்து அந்தத் துப்பாக்கியின் பேட் முழுக்கத் தேய்த்தேன். தோட்டா இல்லை என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டபின் அவரை வழக்கம்போலத் துப்பாக்கியை ஏற்றி இறக்கச் சொன்னேன். கருநீல ஜாக்கெட். அதில் வெள்ளையாக விழுந்திருந்தது ஒரு இரண்டு பவுண்டு நாணய அளவுக்கான அடையாளம், அக்குள் மடிப்பை ஒட்டி, கீழ்மூலையின் வடிவம் அப்படியே தெரிந்தது. மேலே எங்கும் துளி சாக்பீஸ் இல்லை. அதைப் பார்த்துவிட்டு அவர் கணவரைப் பார்த்த பார்வைக்கு விளக்கம் தேவையில்லை.

பயிற்றுநரிடம் நீளம் குறைந்த, கீழ்மூலை உள்ளே வெட்டப்பட்டு லேசாக வெளிப்பக்கம் திருப்பிய இன்னொரு துப்பாக்கி இருந்தது. சாக்பீஸ் தேய்த்து ஏற்றிப் பார்த்தோம், இந்த முறை உள்ளங்கை நீளத்துக்கு அடையாளம் விழுந்தது. தோட்டாவை வேண்டுமென்றே மாற்றவில்லை, அதே 28 கிராம். இரண்டு வரிசை சுட்டார். இப்போது அவரிடம் சொந்தத் துப்பாக்கி இருக்கிறது, அதன் பேட்டுக்குக் கீழே மேல்பக்கம் தடித்த மெல்லிய ஆப்பு ஒன்று வைத்துச் சாய்வை மாற்றியிருக்கிறது. அதற்கு ஆன செலவு இரண்டு பெட்டித் தோட்டாவின் விலைக்குள் அடங்கும்.

கைப்பிடியைப் பற்றிச் சுருக்கமாக. நடுவிரலின் முட்டி கன்றிப்போனால் விசைக்கூட்டின் பின்பக்கம் வந்து இடிக்கிறது என்று அர்த்தம். கையைத் தளர்வாகப் பிடிக்கிறீர்கள், அல்லது கைப்பிடி உங்கள் கைக்குப் பெரியதாகவோ தடித்ததாகவோ இருக்கிறது. கையைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி உறுதியாகப் பிடித்தாலே பெரும்பாலும் போய்விடும்.

இவ்வளவு பொருத்தமும் இருந்தும், துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவருகிற விதம் தப்பாக இருந்தால் எதுவும் உதவாது. புதியவர்கள் தோளுக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, பிறகு தலையைக் குனிந்து கன்னத்தைத் தேடி வைக்கிறார்கள். தலைகீழ் வரிசை அது. துப்பாக்கி முதலில் முகத்துக்கு வர வேண்டும். தலை அசையக் கூடாது, கண் கிளேமேல் இருக்கட்டும். இரண்டு கையும் சேர்ந்து, முன்கை குழல்முனையைக் கிளேயை நோக்கித் தள்ள, பின்கை ஸ்டாக்கைத் தூக்க, மரம் கன்ன எலும்பின் அடியில் வந்து அமர வேண்டும். அது அமர்கிற அதே நேரத்தில் தோள் முன்னால் உருண்டு வந்து பேட்டைச் சந்திக்க வேண்டும். துப்பாக்கியைத் தோளுக்கு இழுக்க வேண்டாம், தோள் துப்பாக்கிக்கு வரட்டும். இந்த ஒன்றைச் செய்தாலே இடைவெளி என்ற பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும், ஏனென்றால் முன்னால் வந்த தோளில் தசை ஒரு மெத்தையாகத் திரண்டிருக்கும், தோள் குழி திறந்திருக்கும், பேட் வந்து உட்கார இடம் இருக்கும்.

வலது முழங்கையை எவ்வளவு தூக்குவது என்று இங்கே இரண்டு பழைய பள்ளிகள் உண்டு. பெர்சி ஸ்டான்பரி என்ற புகழ்பெற்ற பயிற்றுநரின் முறையில் எடை முன்காலில், பின்குதிகால் லேசாக எழும்பி, வலது முழங்கை உயர்ந்து நிற்கும். லண்டனில் துப்பாக்கி செய்துவந்த ராபர்ட் சர்ச்சில் என்பவரின் முறையில் ஆள் இலக்கை நேராகப் பார்த்து நின்று எடையைக் காலுக்குக் கால் மாற்றுவார், முழங்கை தாழ்ந்திருக்கும். இரண்டிலும் நன்றாகச் சுடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உதை விஷயத்தில் மட்டும் என் அனுபவம் முழங்கையை ஓரளவு தூக்கினால் குழி திறக்கும் என்று சொல்கிறது, கிடைமட்டத்துக்கு மேலே போனால் கழுத்துத் தசை இறுகி அதுவே ஒரு வலியாகிவிடும்.

நிற்கிற விதம் பெரிய விஷயம். துப்பாக்கி கனமாக இருப்பதால் புதியவர்கள், முக்கியமாக பதின்வயதுப் பிள்ளைகள், இடுப்பை முன்னால் தள்ளி முதுகைப் பின்னால் வளைத்து அந்தக் கனத்தைச் சமன் செய்கிறார்கள். அந்த நிலையில் உதை வந்தால் தாங்க எதுவுமே இல்லை, குதிகாலில் நிற்கிற ஆளைப் பின்னால் தள்ளிவிடும். எடையில் பாதிக்கு மேல் முன்காலில் இருக்கட்டும், முன்முழங்கால் கொஞ்சம் தளரட்டும், மூக்கு முன்கால் விரல்களுக்கு நேராக வரட்டும். அப்போது உதை தோளில் தொடங்கி இடுப்பு வழியாகக் கால் வரைக்கும் இறங்கிப் போகும், மேலுடம்பு ஒரு ஆட்டம் ஆடித் திரும்ப வந்து நிற்கும். அந்த ஆட்டத்தைத் தடுக்காதீர்கள். விறைப்பாக நின்று எதிர்த்தால் அத்தனையும் தோளிலேயே நின்றுவிடும்.

ட்ராப் சுடுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, துப்பாக்கியை முன்கூட்டியே ஏற்றி, கன்னமும் தோளும் சரியாக அமர்ந்ததா என்று நிதானமாகப் பார்த்துவிட்டுக் கிளேயைக் கூப்பிடலாம். குறுக்கே பறக்கிற கிளேயைச் சுடுகிற ஒலிம்பிக் ஸ்கீட்டில் அது கிடையாது, கிளே வெளியே வரும்வரை ஸ்டாக் ஜாக்கெட்டில் இடுப்புப் பக்கம் குறித்த கோட்டில்தான் இருக்க வேண்டும், கூப்பிட்டபின் கிளே வர மூன்று விநாடி வரைக்கும் ஆகலாம். அந்த அவசரத்திலும் அவர்கள் ஸ்டாக் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து உட்காருவதைப் பாருங்கள். அது வீட்டில் செய்கிற பயிற்சி. நானும் செய்கிறேன்: அலமாரியிலிருந்து எடுத்ததும் திறந்து காலியா என்று பார்ப்பேன், திரும்பவும் பார்ப்பேன், திரைச்சீலையை இழுத்துவிட்டு, குழல் வாயில் பொருந்துகிற சின்ன டார்ச் ஒன்றைச் செருகுவேன். சுவரும் கூரையும் சேருகிற கோட்டில் வெளிச்சத்தை ஓடவிட்டுக்கொண்டே துப்பாக்கியை மெதுவாக முகத்துக்கு ஏற்றுவேன். வெளிச்சம் கோட்டை விட்டு எகிறினால் பின்கை அவசரப்பட்டுவிட்டது என்று தெரியும். மெதுவாகச் செய்வதுதான் முக்கியம், வேகம் பிறகு தானாக வரும். கை தளர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும், தளர்ந்த கையோடு செய்கிற பயிற்சி தப்பைத்தான் பழக்கும்.

பேட், கருவிகள் பற்றிக் கேட்பீர்கள். நல்ல மென்மையான ரப்பர் பேட் உண்மையிலேயே உதவும், உதை இறங்குகிற நேரத்தை நீட்டித் தருகிறது. மேல்மூலை வழவழப்பாக உருண்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இல்லாவிட்டால் சட்டையில் சிக்கித் தப்பான இடத்தில் நின்றுவிடும். ஸ்டாக்குக்குள் வைக்கிற பாதரசக் குழாய்கள் பெரும்பாலும் எடையைக் கூட்டுவதால்தான் வேலை செய்கின்றன, அதே எடையை ஈயமாக வைத்தாலும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. வாயுவில் இயங்குகிற அரைத் தானியங்கிகள் வேறு ரகம், உதையை நீட்டிக் கொடுப்பதில் அவற்றை மிஞ்ச முடியாது, மூட்டு வலி உள்ளவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது அதைத்தான். 21 கிராம், 24 கிராம் தோட்டாக்களும் நல்லவையே. இங்கே கிளே போட்டிகளில் 28 கிராமுக்கு மேல் அனுமதியில்லை, ஒலிம்பிக் வகைகளில் 24 கிராம்தான், ஆகவே சின்னத் தோட்டாவில் கிளே உடையாது என்ற பேச்சில் அர்த்தமில்லை. பொருந்தாத துப்பாக்கியில் சின்னத் தோட்டா போட்டால் குத்து சின்னதாகும், குத்து குத்தாகவே இருக்கும். என் வருத்தம் அவ்வளவுதான்.

காதுக்கவசத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். சத்தத்தையும் உதையையும் மூளை பிரித்துப் பார்ப்பதில்லை. நுரைக் காதடைப்பைச் சரியாகத் திணிக்காமல் சுடுகிறவருக்கு நல்ல கவசம் மாட்டிவிட்டால், "தோட்டாவை மாத்தினீங்களா" என்று கேட்பார்.

ஒரு நாளைக்கு இருபத்தைந்து சுடுகிறவருக்கு இத்தனை அக்கறை எதற்கு என்று தோன்றலாம். நம் புதுக்கோட்டை மன்னர் குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்டார். அந்தப் போட்டியின் தகுதிச் சுற்றில் 125 கிளே, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தோட்டா வரை அனுமதி. அதற்காகப் பயிற்சியில் சுடுகிற தோட்டாக்களை எண்ணி மாளாது. அந்த மட்டத்தில் இருப்பவர்கள் வலியைத் தாங்குகிற வீரத்தால் அங்கே நிற்கவில்லை. அவர்கள் துப்பாக்கியில் கன்ன விளிம்பும் பேட்டும் மில்லிமீட்டர் கணக்கில் அவர்கள் உடம்புக்கு அமைக்கப்பட்டவை. நூறாவது கிளேயிலும் கண் மூடாமல் இருக்க அதுதான் வழி.

உங்களுக்கு ஏற்கெனவே பதற்றம் பிடித்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, நண்பர் ஒருவரைத் தோட்டா போடச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாமல் இடையிடையே வெற்று டம்மித் தோட்டாவைப் போடட்டும். விசையை இழுத்ததும் சத்தம் வராதபோது குழல்முனை அப்படியே நின்றால் நல்லது. முனை சட்டென்று கீழே குத்தினால், தோள் முன்கூட்டியே முட்டுகிறது. அப்படியிருந்தால் சில வாரம் கிளேயையே விட்டுவிட்டு, 21 கிராம் தோட்டாவோடு, பொருத்தம் சரி பார்த்த துப்பாக்கியில், கிளே இல்லாமல் வெறும் மண்மேட்டைப் பார்த்துச் சுடுங்கள். அடிக்கிறோமா தப்புகிறோமா என்ற கவலை போனால்தான் உடம்பு அடியை மறக்கும்.

கடைசியாக ஒன்று, பொருத்தம் பார்க்கிறவரிடம் போகும்போது வழக்கமாகச் சுடும்போது போடுகிற அதே வெஸ்ட், அதே காதுக்கவசம், அதே கண்ணாடியோடு போங்கள். அளவுகளை விருப்பப்படி மாற்றக்கூடிய ட்ரை கன் ஒன்றை வைத்திருப்பார், அதை உங்கள் கையில் கொடுத்து, ஏற்றச் சொல்லி, முன்பக்கத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்ப்பார், குண்டுகள் எங்கே விழுகின்றன என்று பார்க்க ஒரு தகட்டைச் சுடச் சொல்வார். உங்களை நிற்க வைத்து டேப்பால் அளந்துவிட்டு மட்டும் அனுப்புகிறவரிடம் காசு கொடுக்காதீர்கள். ஆரம்பத்திலேயே மரத்தை அறுக்கவும் விடாதீர்கள். துப்பாக்கியை ஏற்றுகிற விதம் இன்னும் நிலைக்காதவருக்கு இன்று எடுத்த அளவு ஆறு மாதத்தில் மாறிவிடும், அதுவரை ஸ்பேசரும் ஆப்பும் ஒட்டுகிற கன்னப் பட்டையும் போதும். அந்த ஆறு மாதமும் ஒவ்வொரு தடவை சுட்டுவிட்டு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று எங்கே சிவந்திருக்கிறது என்று பார்த்து எழுதிவையுங்கள்: புஜமா, தோளெலும்பின் மேலா, அக்குளா, கன்னமா, நடுவிரலா. போகும்போது அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.